ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி மாதிரி

ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி மாதிரி என்பது நரம்பணுவில் மின் துடிப்பு எவ்வாறு எழுகின்றது, அது நரம்பிழை வழியே எவ்வாறு பரவுகின்றது என்பவற்றை வகையீட்டுச் சமன்பாடுகளால் விளக்கும் கணித மாதிரி ஆகும். ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர்கள் இதனை 1952 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1963 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் ஜான் எக்கிள்சுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. இன்று கணினியில் நரம்பணுக்களை உருவகப்படுத்தும் ஆய்வுகள் பலவற்றுக்கும் இம்மாதிரியே அடித்தளம்.

கணவாயின் நரம்பிழை

ஓய்வில் உள்ள நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தை விட ஏறத்தாழ 65 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். துடிப்பு எழும்போது இவ்வழுத்தம் சட்டென உயர்ந்து, சில மில்லிநொடிகளில் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. துடிப்பின்போது மென்சவ்வு எல்லா அயனிகளையும் வேறுபாடின்றி உள்ளே விட்டுவிடுகின்றது என்று 1902 இல் யூலியஸ் பெர்ன்ஸ்டைன் கருதினார். அவ்வாறாயின் உள் மின்னழுத்தம் சுழியை நெருங்கலாமே தவிர, அதைத் தாண்ட இயலாது.

இதனைச் சோதிக்க நரம்பிழையின் உள்ளேயே மின்முனையைச் செலுத்தவேண்டும். நம் உடலின் நரம்பிழைகள் இதற்கு மிகவும் மெல்லியவை. ஆனால் ஊசிக் கணவாயின் உடலில், நீரைப் பீய்ச்சித் தப்பிச்செல்ல உதவும் பெரு நரம்பிழை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 1939 இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள கடல் உயிரியல் ஆய்வகத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதனுள் மின்முனையைச் செலுத்தி அளந்தபோது, துடிப்பின் உச்சியில் உட்புறம் சுழியைக் கடந்து நேர் மின்னழுத்தத்தை அடைந்தது. பெர்ன்ஸ்டைனின் விளக்கம் போதாது என்பது தெளிவாயிற்று. ஆனால் உடனே இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஆய்வு பல ஆண்டுகள் தடைப்பட்டது.

போருக்குப் பின், வெளியிலுள்ள நீரில் சோடியத்தைக் குறைத்தால் துடிப்பின் உயரமும் குறைவதை ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்சும் 1949 இல் காட்டினர். ஆக, உள்ளே பாய்ந்து மின்னழுத்தத்தை உயர்த்துவது சோடியமே.

மின்னழுத்தத்தைப் பிடித்துவைத்தல்

இங்கே ஓர் இடர்ப்பாடு உள்ளது. மின்னழுத்தம் மாறினால் மென்சவ்வின் கடத்துத்திறன் மாறும். கடத்துத்திறன் மாறினால் மின்னழுத்தம் மீண்டும் மாறும். இவ்வாறு ஒன்றையொன்று துரத்தும் இரண்டில் காரணம் எது, விளைவு எது எனப் பிரித்தறிவது கடினம். அமெரிக்கரான கென்னத் கோல் உருவாக்கிய மின்னழுத்தப் பிடிப்பு முறை இதற்கு வழிகாட்டியது. பின்னூட்ட மிகைப்பி ஒன்று, வேண்டிய அளவில் மின்னழுத்தத்தை மாறாமல் நிறுத்திவைக்கும். அதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தை அளந்தால், அந்த மின்னழுத்தத்தில் மென்சவ்வு எவ்வளவு கடத்துகின்றது என்பது கிடைத்துவிடும். கடல்நீரிலுள்ள சோடியத்துக்கு மாற்றாகக் கோலினைப் பயன்படுத்தி, சோடிய மின்னோட்டத்தையும் பொட்டாசிய மின்னோட்டத்தையும் தனித்தனியே பிரித்தனர்.

மாதிரியின் அமைப்பு

மின்னியல் படித்தவர்களுக்கு இச்சுற்று எளிதில் விளங்கும். மென்சவ்வு ஒரு மின்தேக்கி. அதற்கு இணையாக மூன்று கிளைகள் உள்ளன: சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, சிறு கசிவுக்கு ஒன்று. ஒவ்வொரு கிளையிலும் ஒரு மின்கலமும் ஒரு மின்தடையும் உண்டு. கசிவுக் கிளையின் தடை மாறாதது. மற்ற இரண்டும் மின்னழுத்தத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறுபவை.

இம்மாற்றத்தை எம், எச், என் என்னும் மூன்று மாறிகள் குறிக்கின்றன. இவை சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டவை; வாயில்கள் திறந்திருக்கும் வாய்ப்பு எனக் கொள்ளலாம். சோடியக் கடத்துத்திறன் எம்-இன் முப்படியையும் எச்-ஐயும் பெருக்கிய அளவில் இருக்கும். பொட்டாசியக் கடத்துத்திறன் என்-இன் நான்காம் படியைப் பொறுத்தது. எம் விரைந்து உயர்வதால் சோடியம் உள்ளே பாய்கின்றது. எச் மெல்லக் குறைந்து அப்பாய்ச்சலை அடைக்கின்றது. என் மெல்ல உயர்ந்து பொட்டாசியத்தை வெளியேற்றி, மின்னழுத்தத்தைக் கீழே இறக்குகின்றது.

கையால் சுழற்றிய கணிப்பு

சமன்பாடுகளின் மாறிலிகள் அனைத்தும் மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்துவைத்த சோதனைகளிலிருந்து பெறப்பட்டவை. பிடியை விட்டுவிட்டால் இதே சமன்பாடுகள் தாமாகவே ஒரு துடிப்பை உருவாக்குமா? மாதிரியின் வெற்றி தோல்வி இக்கேள்வியில்தான் இருந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி அச்சமயம் மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்ததால் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பயன்படுத்த இயலவில்லை. ஆகவே ஹக்ஸ்லி, பிரன்சுவிகா என்னும் கைப்பிடி சுழற்றும் கணக்கிடும் பொறியைக் கொண்டு, சிறு சிறு நேர இடைவெளிகளாகச் சமன்பாடுகளைத் தீர்த்தார். பரவும் துடிப்பின் வேகத்தை முதலில் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகம் சற்றே பிழைத்தாலும் மின்னழுத்தம் மேலேயோ கீழேயோ எல்லையின்றி ஓடிவிடும். மறுபடியும் வேறு வேகத்துடன் தொடங்கவேண்டும். பரவும் துடிப்பு ஒன்றைக் கணிக்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. இன்று சாதாரண மேசைக் கணினிக்கு இது நொடிப்பொழுது வேலை.

கிடைத்த வேகம் நொடிக்கு 18.8 மீட்டர். நரம்பிழையில் நேரடியாக அளந்த வேகம் 21.2 மீட்டர். வேகம் பற்றிய எந்த அளவீடும் சமன்பாடுகளில் புகுத்தப்படவில்லை என்பதைக் கருதினால் இப்பொருத்தத்தின் மதிப்பு புரியும்.

பிற்கால ஆய்வுகள்

1952 இல் அயனிக் கால்வாய் எதையும் எவரும் கண்டதில்லை. வாயில்கள் நகரும்போது மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று தோன்றவேண்டும் என மாதிரி உணர்த்தியது. 1973 இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் பெசானிலாவும் அதனை அளந்தனர். 1976 இல் நேயரும் சாக்மனும் ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தனர். 1998 இல் மெக்கின்னன் குழுவினர் வெளியிட்ட பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தில் நான்கு ஒத்த பகுதிகள் இருந்தன.

நான்காம் படி இதை முன்கூட்டியே கூறியது எனச் சில நூல்கள் வியக்கின்றன. இது சற்று மிகை. ஐந்தாம் அல்லது ஆறாம் படி அளவீடுகளுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தக்கூடும் என்றும், கூடுதல் சிக்கலைத் தவிர்க்கவே நான்கைக் கொண்டதாகவும் அவர்களே தம் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளனர்.

1962 இல் டெனிசு நோபிள் இச்சமன்பாடுகளை மாற்றியமைத்து இதயத் தசையிழைகளின் துடிப்பைக் கணினியில் உருவகப்படுத்தினார்.

வரம்புகள்

மாதிரியிலுள்ள எண்கள் கணவாயின் ஒரு நரம்பிழைக்கு உரியவை. மூளையின் நரம்பணுக்களில் வேறு பல கால்வாய்களும் உள்ளதால், அவற்றுக்கு மேலும் கிளைகளைச் சேர்க்கவேண்டும். நரம்பணு ஒன்றுக்கு நான்கு சமன்பாடுகள் என்பதால் பெரிய வலையமைப்புகளுக்குக் கணிப்புச் சுமையும் மிகுதி. ஆகவே ஃபிட்சியூ 1961 இல் இதனை இரு மாறிகளாகச் சுருக்கினார். நாகுமோ 1962 இல் அதற்கு இணையான மின்சுற்றை அமைத்தார்.

செயற்கை நரம்பு வலையமைப்புகளில் பயன்படும் அலகுகளை இம்மாதிரியுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அவை உள்ளீடுகளை எடையிட்டுக் கூட்டி, ஒரு சார்பின் வழியே அனுப்புபவை மட்டுமே. அவற்றில் அயனிகளோ மென்சவ்வோ இல்லை.