ஜொகூரில் ஆடிப்பட்டம்

தமிழ்நாட்டுக் குடியானவன் மனத்தில் ஆடி மாதத்துக்கு இருந்த மகிமை, அவன் கப்பலேறி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது அவனோடு கூடவே வந்துவிட்டது. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, கோடை என்றும் குளிர்காலம் என்றும் பிரித்துச் சொல்ல இயலாதபடி ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே உஷ்ணம் நிலவும் ஜொகூரிலும், லயத்து வீட்டின் பின்புறத்தில் வெண்டையும் புடலையும் போட்டவர்கள் ஆடி பிறந்ததும் விதையைத் தேடினார்கள். இது வெறும் பழக்கதோஷம் என்று சிலர் தள்ளிவிடக்கூடும். பழைய காரணம் இங்கே செல்லாது என்பது மெய்யே. ஆனால் அதன் ஸ்தானத்தில் அதைவிடக் கண்டிப்பான வேறொரு காரணம் வந்து நிற்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் ஆடியில் ஊன்றிய விதை, தென்மேற்குக் காற்றோடு வரும் சிறுமழையில் முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையை வேரில் வாங்கிக்கொண்டு வளர்கிறது. பகற்பொழுது குறையக் குறையப் பூக்கும் நாட்டு அவரை போன்ற கொடிகள், மார்கழி தையில் காய்த்துக் குலுங்குகின்றன. பகலின் நீளத்தை அறிந்து பூக்கும் இந்தத் தாவர சுபாவத்தை, 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் சாஸ்திர ரீதியாக நிலைநாட்டினார்கள். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 9 மணி நேர வித்தியாசம் உண்டு. சென்னையில் அது ஒன்றரை மணி. ஜொகூர் பாருவிலோ சுமார் 10 நிமிஷந்தான்.

பத்து நிமிஷத்தைச் செடி எங்கே கவனிக்கப்போகிறது என்று கேட்கத் தோன்றும். ஜொகூரை அடுத்த மலாக்காவில், ஆண்டு முழுவதிலும் பகலின் நீளம் 14 நிமிஷமே மாறுகின்ற அந்த இடத்தில், 'சயாம் 29' என்ற நெல்லை விதைத்துப் பார்த்த டோர் என்ற ஆராய்ச்சியாளர், ஜனவரியில் விதைத்த பயிர் பூக்க 329 நாட்களும், செப்டம்பரில் விதைத்தது 161 நாட்களும் எடுத்துக்கொண்டதாக 1959இல் வெளியிட்டார். கடிகாரம் பார்க்கும் மனிதனே பொருட்படுத்தாத கால அளவை ஒரு புல் பொருட்படுத்துகிறது! எனக்கு இதைக் காட்டிலும் ஆச்சரியமான விவசாயச் செய்தி தெரியாது. ஆயினும் வெண்டை, வெள்ளரி, பாகல், நீளப் பயற்றங்காய் முதலிய நம் வீட்டுக் காய்கறிகளில் பெரும்பாலானவை இத்தனை நுட்பம் பார்ப்பவை அல்ல. ஜொகூரில் அவற்றின் விதியை நிர்ணயிப்பது மழைதான்.

அந்த மழையும் தமிழ்நாட்டுக்கு வருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவதே. வங்கக்கடலைத் தாண்டி வருகையில் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்துக் காப்பாற்றும் காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு நவம்பரிலிருந்து மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் வந்து இறங்கும்போது பயிருக்கு எமனாகிறது. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பெய்த பெருமழையில் கோத்தா திங்கி இருமுறை மூழ்கிற்று. ஜொகூரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. வெள்ளம் வராத மேட்டு நிலத்திலும் செடி தப்புவதில்லை. மண்ணின் துவாரங்களில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்துவிட்டால், பிராணவாயு அதனூடே காற்றில் செல்வதைவிடப் பதினாயிரம் மடங்கு மெதுவாகத்தான் செல்லும். ஆகவே நீருக்கு நடுவிலேயே வேர் மூச்சடைத்து, நீரை உறிஞ்சும் சக்தியை இழந்து, செடி வாடுகிறது. ஓங்கி விழும் துளி மண்ணிலுள்ள பூஞ்சணக் கிருமிகளை இலையின் அடிப்புறத்துக்குத் தெறிக்கவிடுகிறது. மிளகாய்ப் பழத்தில் அழுகல் புள்ளி விழுகிறது. தழைச்சத்து கரைந்து ஓடிவிடுகிறது. ஓயாத தூறலில் தேனீ பறக்காததால் பூசணியும் பாகலும் பூத்தும் பிஞ்சு பிடிப்பதில்லை.

ஆடி மாதம் ஜூலை நடுவில் பிறக்கிறது. அப்போது வீசும் தென்மேற்குக் காற்றின் ஈரத்தில் பெரும்பங்கைச் சுமத்ராவின் மலைகளே தடுத்து வாங்கிக்கொள்வதால், விடியலுக்கு முன் சில நாள் அடித்துப் போகும் 'சுமத்ரா' சூறையைத் தவிர ஜொகூரில் வானம் ஓரளவு தெளிந்திருக்கும். ஜூலை இறுதியில் ஊன்றிய வெள்ளரி 40 நாளிலும், வெண்டையும் பயற்றங்காயும் 50 நாளிலும், பாகல் 60 நாளிலும் காய்க்கத் தொடங்கினால், அக்டோபர் பிற்பகலின் இடிமழை வலுத்து நவம்பர் பிறக்கும்முன் பலனின் பெரும்பகுதி வீடு வந்து சேர்ந்துவிடும். தாய்நாட்டில் மழையை எதிர்கொள்வதற்காக விதைத்த ஆடியில், இங்கே மழைக்கு முந்திக்கொள்வதற்காக விதைக்கிறோம்.

கத்தரிக்கு மட்டும் இந்தக் கணக்குப் போதாது. நாற்றங்காலில் ஒரு மாதமும், நட்டபின் இரண்டு மாதமும் அது கேட்பதால், ஆனியிலேயே நாற்று விட்டுவிட வேண்டும். பாத்தியை ஒரு முழ உயரமாவது மேடாக்கி, இரு பாத்திகளுக்கிடையே வாய்க்காலைச் சரிவாக வெட்டி, செடியைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பிவிட்டால், கத்தரி மழைக்குள்ளும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். கார்த்திகை மார்கழியில் தண்ணீரை விரும்பும் கங்குங் கீரையைத் தாழ்ந்த இடத்தில் விட்டு, கூரைக்கடியில் மிளகாய் நாற்றை வளர்த்து வைத்துக்கொண்டால், மழை ஓய்ந்து பிப்ரவரியில் வரும் வறட்சிக்கு அது நடவுக்குத் தயாராக இருக்கும்.