வளைந்த முதுகெலும்பை நிமிர்த்தும் டாக்டருக்கு வழி காட்டும் கம்ப்யூட்டர்!

ஆரணிக்கு அருகே உள்ள முள்ளிப்பட்டு, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை, துளை போட்ட அட்டை சொல்லும். நெய்வது நெசவாளியின் கை!

1804-ல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு இந்த முறையை உருவாக்கினார். 1830-களில் இங்கிலாந்தின் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் இதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டர், தறிக்குத் தூரத்துச் சொந்தம்!

அந்தக் கம்ப்யூட்டர் இன்று எலும்பு டாக்டருக்கு வழி காட்டுகிறது.

நூலிழை தவறினால்...

சில பிள்ளைகளுக்கு முதுகெலும்பு வளைந்துவிடும். வளைவு மிகுந்தால் ஆபரேஷன் செய்வார்கள். எலும்பில் திருகாணிகளை முடுக்கி, கம்பியால் பிணைத்து நிமிர்த்துவார்கள். திருகாணி செல்லும் பாதை மிகக் குறுகியது. பக்கத்திலேயே தண்டுவடம்! அது காயப்பட்டால் கால் விளங்காமல் போகலாம்.

திரையில் தெரியும் பாதை

நோயாளியின் எலும்பில் சிறு அடையாளக் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். டாக்டரின் கருவியிலும் அடையாளம் உண்டு. எக்ஸ்ரே எந்திரம் நோயாளியைச் சுற்றிவந்து படம் எடுக்கிறது. காமிரா இரு அடையாளங்களையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. கருவியின் முனை எலும்புக்குள் எங்கே இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டுகிறது.

கோவையில் சோதனை

கோவை கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர், 33 நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். முடிவு 2007-ல் வெளியாயிற்று. கம்ப்யூட்டர் இல்லாமல் போட்ட திருகாணிகள் 236. அவற்றில் 54, எலும்பின் சுவரைத் தாண்டிவிட்டன. கம்ப்யூட்டர் உதவியுடன் போட்டவை 242. தாண்டியவை 5 மட்டுமே! நேரமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

தாண்டிய திருகாணி எல்லாம் ஊனம் செய்யும் என்பதில்லை. ஆனாலும், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கும் தாய்க்கு, 54-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதா?

முழங்கால் மூட்டு மாற்றும் ஆபரேஷனிலும் இந்த முறை பயன்படுகிறது.

கருவி மட்டும் போதாது. எலும்பில் வைத்த அடையாளம் அசைந்துவிட்டால், திரையும் தவறாகக் காட்டும். அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டியவர் டாக்டர்தான்.

பெற்றோர் கவனிக்க

வளரும் பிள்ளையை முன்புறம் குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தாலோ, ஒரு தோள் உயர்ந்திருந்தாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வளைவு சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால், ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்க வழி இருக்கலாம்.