மட்டாஞ்சேரியில் உறுமிய பழைய கார்

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்தபோது, 2010-ஆம் ஆண்டில் கடன் பெற்று வாங்கிய எங்கள் சிறிய காரும் உடன் வந்தது. கடன் அடைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பதிவுக் காலமான 15 ஆண்டுகள் நிறைவுற்றதும், தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி மேலும் 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், டிசம்பர் மாத மாலை ஒன்றில், வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் பாலத்தின் மீது கார் உறுமத் தொடங்கியது.

வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் மெல்ல எழும் ஓசை, 60-ஐ எட்டும்போது அருகில் இருப்பவரின் பேச்சே கேளாத அளவுக்கு வளர்ந்தது. முதல் பத்து நாட்கள் நாங்கள் செய்த சிகிச்சை, ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைத்ததுதான். இன்று எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. தென்காசியில் தனியே இருக்கும் அம்மாவைக் கொச்சிக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தோம். முழங்கால் வலியால் ரயிலேற இயலாத அவரை, புனலூர், ஆரியங்காவு மலைப்பாதை வழியாகக் காரில்தான் அழைத்து வர வேண்டும். குழந்தைகளும் உடன் வருவார்கள். இந்த ஓசையுடன் மலையேறலாமா என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

முதலில் சென்ற பணிமனையில் காரைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டும், 28,000 ரூபாய் ஆகும்” என்றனர். வேறோர் இடத்தில் டயர் தேய்மானமே காரணம் என்றனர். முன்சக்கரங்களுக்குப் புதிய டயர்கள் மாற்றினோம்; 7,600 ரூபாய் செலவாயிற்று, ஓசை மட்டும் மாறவில்லை. “இனி இந்த வண்டிக்குச் செலவு செய்வது வீண்” என்று நண்பர்கள் அறிவுரை கூறினர். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 6 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு, 5 ஆண்டுகள் எனக் கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். வாடிக்கையாளர்களிடம் தேவையை ஆராய்ந்த பின் கடன் பெறுங்கள் என்று நாள்தோறும் சொல்லும் நாங்களே, ஓர் ஓசையின் காரணம் அறியாமல் ஐந்தாண்டுக் கடனுக்கு அணியமாகிவிட்டோம்.

பஜார் சாலையில் சுக்கு வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர்தான் எங்களைத் தடுத்தார். மசாலாக் கிடங்குகளுக்குப் பின்புறச் சந்தில் கொட்டகை அமைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்தார். அனைவருக்கும் அவர் ‘இக்கா’. காரின் முன்மூடியை அவர் திறக்கவே இல்லை. ஒரு முக்காலியை எங்களிடம் தள்ளிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார்.

“வண்டி நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறதா, சார்?”

“இல்லை, இக்கா.”

“ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றினால் குறைகிறதா?”

“குறையவில்லை. வேகம் குறைந்தால்தான் குறைகிறது.”

“அப்படியென்றால் இன்ஜினும் சைலன்சரும் இல்லை. வலப்பக்கம் வளையும்போது எப்படி?”

அதை நாங்கள் கவனித்ததே இல்லை. தோப்பும்படி வரை ஓட்டிச் சென்று திரும்பினோம். வலப்புறம் வளையும்போது உறுமல் கூடியது. இடப்புறம் வளையும்போது அடங்கியது. அவர் தலையசைத்தார். வலப்புறம் திரும்பும் காரின் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்கிறது. ஆகவே நோய் இடப்பக்கச் சக்கரத்தில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் பழுதாகியிருந்தால் வளைவுக்கு ஏற்ப ஓசை இவ்வாறு மாறுவது அரிது என்பதையும் விளக்கினார்.

கடைசிக் கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது: “உப்புத் தண்ணீரில் ஓட்டினீர்களா?”

ஓட்டியிருந்தோம். மேற்குக் கொச்சியில் வாழ்வோர் அறிந்த செய்தி இது. ஆண்டின் இறுதி மாதங்களில் கடல் ஓதம் உயரும்போது, மழையே இல்லாத நாளிலும் காயலின் நீர் ஓடைகள் வழியே தெருக்களில் ஏறிவிடும். மலையாளத்தில் அதை ‘வேலியேற்றம்’ என்பர். எங்கள் தெருவில் சக்கரத்தின் பாதி வரை நின்ற அந்த நீரில் மூன்று நாட்கள் காரை ஓட்டி அலுவலகம் சென்றோம். பழைய பேரிங்கின் தேய்ந்த மூடிகளைக் கடந்து உப்புநீர் உள்ளே புகுந்தால், மசகைக் கெடுத்து, குண்டுகள் உருளும் வழவழப்பான பாதையைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவால் விழும் நுண்ணிய குழிகளின் மீது குண்டுகள் உருளும்போது எழுவதே அந்த உறுமல்.

அதன்பின் ஜாக்கியை வைத்து முன்பக்கத்தை உயர்த்தினார். சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, மறு கையைச் சுருள்வில்லின் மீது வைத்தார். எங்களையும் வைக்கச் சொன்னார். வலப்பக்க வில்லில் எதுவும் உணரப்படவில்லை. இடப்பக்க வில்லிலோ மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரல்களில் தெளிவாகத் தெரிந்தது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டியபோது சிறிய ஆட்டமும் இருந்தது. பிரித்துப் பார்க்கையில் மசகு செந்நிறச் சேறாகியிருந்தது. புதிய பேரிங், அதை அழுத்திப் பொருத்தும் கூலி, வேலைக் கூலி அனைத்தும் சேர்த்து 2,400 ரூபாய்.

“இப்படியே மலை ஏறியிருந்தால்?” என்று கேட்டோம். “ஆட்டம் கூடும், சூடேறும். சில வேளை போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சில வேளை சக்கரம் இறுகிப்போகும். எது என்று முன்னால் சொல்ல முடியாது, சார்” என்றார்.

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு அவரிடம் கற்ற சில குறிப்புகளைத் தருகிறோம். நிற்கும்போதும் இன்ஜினின் வேகத்துடன் கூடும் உறுமல், பெரும்பாலும் துருவால் ஓட்டை விழுந்த சைலன்சர் குழாயினுடையது. கடற்கரை ஊர்களில் இது விரைவில் வரும். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு காருக்குள் புகக்கூடும் என்பதால் தள்ளிப்போடலாகாது. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிச் செல்லும்போது ‘டக் டக்’ என்று கேட்டால், முன் ஆக்சிலின் இணைப்பையும் அதன் ரப்பர் உறையையும் சோதிக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கேட்கும் ‘தொம்’ ஓசை, புஷ், பால் ஜாயின்ட் போன்றவற்றின் தேய்மானத்தைச் சுட்டும். பிரேக் மிதிக்கையில் எழும் கீச்சொலி, பிரேக் பேடு தேய்ந்துவிட்டதன் எச்சரிக்கையாக இருக்கலாம். பணிமனைக்குச் செல்லுமுன் எந்த வேகத்தில், எந்த வளைவில், நின்றா ஓடியா, எந்த நாள் முதல் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதிகச் செலவாகும் பழுது என்றால், பிரிக்க ஒப்புக்கொள்ளுமுன் மற்றொருவரின் கருத்தையும் கேளுங்கள்.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். விரிவான காப்பீட்டுப் பாலிசியும் இயல்பான தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. இன்ஜினுக்குள் நீர் புகுந்து ஏற்படும் சேதத்துக்குப் பெரும்பாலும் தனியே ‘இன்ஜின் பாதுகாப்பு’ இணைப்பு தேவைப்படும். பழைய கார்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஓதநீர் ஏறும் தெருவில் காரை மேட்டில் நிறுத்துவதும், மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கெனத் தொடர்வைப்பில் சேர்ப்பதுமே சிக்கனமான காப்பு.

வங்கியில் ஒரு கடன் கணக்கு 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வாராக்கடன் ஆகிறது. அதற்கு முன்பே, 30 நாள், 60 நாள் என நிலுவையின் கால அளவைக் கொண்டு ‘சிறப்புக் கவனக் கணக்கு’ என வகைப்படுத்துகிறோம். தவணை ஏன் தவறியது என்று அப்போதே வாடிக்கையாளரிடம் பேசினால் பல கணக்குகள் மீள்கின்றன. அலுவலகத்தில் இதைத் தவறாமல் செய்யும் நாங்கள், சொந்தக் காரின் முதல் அறிகுறியை ரேடியோவால் மூடினோம்.

பொங்கலுக்கு மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து புறப்பட்டோம். செங்கோட்டையைக் கடந்து மலைப்பாதையில் ஏறும்போது ரேடியோவை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்துக் கேட்டோம். காற்றின் ஓசையும் பின்னிருக்கையில் உறங்கிவிட்ட அம்மாவின் மெல்லிய குறட்டையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.