பாலைவனத்தின் கணக்கும் நமது குளமும்

நாஞ்சில் நாட்டின் நீர்வளத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பேச்சிப்பாறை அணையே முதலில் நினைவுக்கு வருகிறது. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையும், நாடு சுதந்திரம் பெற்றபின் எழுந்த பெருஞ்சாணி அணையும் கோதையாற்றுப் பாசனத்தின் இரு கண்கள் எனலாம். ஆயினும், நாம் கிராமங்களுக்குச் சுற்றுப்பயணம் செல்லும்போது கடைமடை விவசாயிகளிடம் கேட்கும் முறையீடு ஒன்றே: "அணை நிறைந்தது, எங்கள் குளம் நிறையவில்லை, கும்பப்பூ கருகுகிறது." இக்குறைக்கு விடை காண, மழையே அரிதான பாலைவனங்களில் அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சி நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

நம் நாட்டின் தார்ப் பாலைவனத்தில், ஜெய்சல்மேர் பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 200 மில்லிமீட்டர் அளவே. அங்கும் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைகின்றன. பாறைச் சரிவுகளில் வழிந்தோடும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் நீண்ட மண்கரை எழுப்பி அங்குள்ள மக்கள் தடுக்கின்றனர். நீர் தேங்கி மண்ணில் ஊறியபின், அந்த ஈரத்தைக் கொண்டே பயிர் செய்கின்றனர். பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் இம்முறைக்குக் 'கடின்' என்பது பெயர். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பழைய முறைகளை அளந்து ஆராய்ந்து திருத்தமும் செய்துள்ளது. வீட்டருகே நிலத்தடியில் கட்டும் 'டாங்கா' என்னும் மழைநீர்த் தொட்டிக்கு அந்நிலையம் வகுத்த அளவு ஒன்று 21,000 லிட்டர். ஆறு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் வீதம் ஓராண்டுக்கு அது போதுமானது.

இஸ்ரேல் நாட்டின் நெகெவ் பாலைவனத்திலோ மழை இன்னும் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டரே. பண்டைக்கால மக்கள் அங்கே விட்டுச்சென்ற வயல்களை, ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக்கேல் எவனாரியும் அவருடைய தோழர்களும் 1950-களின் இறுதியில் மீண்டும் சீர்செய்து, மழையையும் வழிந்தோடும் நீரையும் ஆண்டுதோறும் அளந்து வந்தனர். ஓர் ஏக்கர் வயலுக்கு 20 முதல் 30 ஏக்கர் வரையுள்ள சரிவு நீரளித்ததை அவர்கள் கண்டனர். மற்றோர் உண்மையும் புலனாயிற்று. பரப்பளவுக்கேற்பக் கணக்கிட்டால், பெரிய சரிவைவிடச் சிறிய சரிவே ஏக்கருக்கு அதிக நீர் தந்தது. காரணம் எளிது. நெடுந்தூரம் ஓடும் நீரை வழியிலுள்ள மணலும் சரளையும் குடித்துவிடுகின்றன. குறுகிய தூரம் ஓடும் நீர் விரைந்து வயலை அடைகிறது. பெய்த மழை வேறு, வந்து சேர்ந்த நீர் வேறு என்பதே அவ்வாராய்ச்சி கற்பிக்கும் பாடம்.

இப்பாடத்தை நமது மாவட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களாலும் நமக்கு மழை கிடைக்கிறது. ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரிப் பக்கங்களில் சற்றுக் குறைந்தாலும், மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். அவ்வாறாயின், ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் ஆகிறது. இவ்வளவு பெற்றும் குளம் வறண்டு கிடப்பின், குறை வானத்தில் இல்லை; நீர் வரும் வழியிலும், நீர் தங்கும் இடத்திலும் இருக்கிறது.

பத்து ஏக்கர் குளத்தில் ஓர் அடி உயரம் வண்டல் படிந்துவிட்டால், ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளளவு போய்விடும். நீர்வரத்துக் கால் செடிகொடிகளாலும் குப்பையாலும் அடைபட்டால், பெருமழையின் நீர் ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூழ்ந்தபின் கடலுக்கு ஓடும், குளத்துக்கு வாராது. 2021 நவம்பர் வெள்ளத்தை நாம் மறந்துவிடவில்லை. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் மாறிமாறி வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ளுதல் நலம். முதலாவது, அளத்தல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலையில் அளவைக் குறிக்கச் செய்யலாம். குளத்து மடையருகே அளவுகோல் ஒன்றை நட்டு நீர்மட்டத்தையும் குறித்துவந்தால், எத்தனை மழைக்கு எவ்வளவு நீர் வந்தது என்பது இரண்டொரு ஆண்டுகளில் விளங்கிவிடும். இரண்டாவது, வழியைக் காத்தல். குளத்துக்கு வரும் கால், மடை, மறுகால் ஆகியவற்றை விவசாயிகளுடன் நடந்தே பார்வையிட்டு, அடைப்புகளையும் ஆக்கிரமிப்புகளையும் எழுதி வைத்தல் வேண்டும். ஆக்கிரமித்தவர் நம் உறவினரேயாயினும் பட்டியலில் அவர் பெயர் விடுபடலாகாது. மூன்றாவது, காலத்தில் செய்தல். பாலைவன விவசாயி மழைக்கு முன்பே கரையைச் செப்பனிடுகிறான். ஒரு மழை தவறினால் அவனுக்கு அந்த ஆண்டே தவறிவிடும். கும்பப்பூ அறுவடை முடிந்து, ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் உள்ள இடைக்காலமே நமக்கு ஏற்றது. உரிய அனுமதி பெற்று எடுக்கும் வண்டல், வயலுக்கு நல்ல உரமுமாகும்.

மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் நாளையொட்டிக் கூடும் கிராம சபை இதற்குத் தக்க வாய்ப்பாகும். அன்று மேற்கூறிய பட்டியலைச் சபைமுன் படித்து, யூனியன் பொறுப்பிலுள்ள குளம் எது, நீர்வளத்துறையின் பொறுப்பிலுள்ளது எது எனப் பிரித்துத் தீர்மானமாக அனுப்பினால், அலுவலகங்களில் நடவடிக்கை எடுப்பதும் எளிதாகும். நூறு மில்லிமீட்டர் மழையைக் கொண்டு பாலைவனத்தில் பயிர் வளர்த்தனர். அதைப்போல் பத்து மடங்கு பெறும் நாம் கடைமடை வயலை மனைக்கு விற்கும் நிலைக்கு விவசாயியைத் தள்ளிவிடலாகாது. நம் குளத்துக்கு வரும் காலை இக்கோடையில் ஒருமுறை நடந்து பார்ப்பதிலிருந்து வேலையைத் தொடங்குவோமாக.