கீரைத் தொட்டியும் சங்கிலிப் பேரேடும்

‘பிளாக்’ என்று சொன்னால் ரயில்வேக்காரனுக்கு நினைவுக்கு வருவது இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவிலுள்ள தண்டவாளப் பகுதிதான். அதற்குள் போன வண்டி முழுதாக வெளியேறியது என்று உறுதியாகும் வரை அடுத்த வண்டியை உள்ளே விடக் கூடாது. தென்கிழக்கு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இந்த விதியோடு காலம் தள்ளிய எனக்கு, ‘பிளாக்செயின்’ என்ற சொல் முதலில் காதில் விழுந்தபோது நம் இலாகா சமாச்சாரமோ என்றுதான் தோன்றியது. விசாரித்துப் பார்த்தால், அது கணினிக்காரர்களின் கணக்குப் புத்தகம்!

அந்தக் கணக்குப் புத்தகம் இப்போது பால்கனித் தோட்டத்துக்கும் வந்துவிட்டது. மண்ணில்லாமல் கீரை வளருங்கள், விளைச்சலை பிளாக்செயினில் பதியுங்கள், மாதா மாதம் வருமானம் பெறுங்கள் என்று அழைப்புகள் வருகின்றன. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் அன்பர்கள் சிலர், “இது என்ன சார், நம்பலாமா?” என்று கேட்டதன் விளைவே இக்கட்டுரை. நான்கு ஆண்டுகளாக வீட்டில் மண்ணில்லாத் தோட்டம் போட்டு வருகிறேன். கணினி மேதை அல்லன். டிப்ளமோ படித்த ஒரு சிக்னல்காரனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

மண் இல்லாமல் எப்படி?

செடியின் வேர் மண்ணைத் தின்பதில்லை; தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைத்தான் உறிஞ்சுகிறது. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் ஆகியோர் உப்புக் கரைசலிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937-ல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக். நாம் குடியேறி வாழும் வங்காளத்துக்கும் இதில் பங்குண்டு. 1946-ல் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் காலிம்பொங்கில் ஆய்வுக்கூடம் அமைத்தார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல், கல்துகள், மணல், உரப்பொடி, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டே பயிர் வளர்க்கும் முறையை உருவாக்கினார். 1951-ல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரிலேயே ‘வங்காள முறை’ இடம்பெற்றிருக்கிறது.

வீட்டுக்கு அதிகம் வேண்டாம். வெளிச்சம் புகாத, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி, துளையுள்ள சிறு கிண்ணங்கள், தென்னை நார்த் தூள், மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு, இரண்டு குப்பி ஊட்டக் கரைசல். இரண்டு குப்பிகள் எதற்கு? கால்சியம் நைட்ரேட்டை சல்பேட், பாஸ்பேட் உப்புகளோடு செறிவான நிலையில் சேர்த்தால் அடியில் வண்டலாகப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. அதனால் ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீரில் கலக்க வேண்டும்.

பிறகு தினமும் இரண்டு அளவு பார்க்க வேண்டும். தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5-லிருந்து 6.5-க்குள் நிற்க வேண்டும். அது 7-ஐத் தாண்டினால் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது, இளந்தளிர் மஞ்சளாகும். உப்பின் செறிவைக் காட்டும் இ.சி. அளவு லெட்டூஸ் போன்ற இலைக்கு 1.2 முதல் 1.8 வரை இருக்கலாம். கொல்கத்தாக் கோடையில் தொட்டித் தண்ணீர் சுட்டால் அதில் கரையும் பிராணவாயு குறைந்து வேர் அழுகும். ஆகவே லெட்டூஸ், பாலக் எல்லாம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடைக்கு, வங்காளிகள் விரும்பும் கல்மிக் கீரைதான் தாங்கும்.

இந்த அளவுகளை நாள்தோறும் எழுதி வைத்தால்தான் செடிக்கு நேர்ந்தது என்ன என்று பின்னால் தெரியும். பேரேடு உள்ளே வருவது இங்கேதான்.

சங்கிலி என்பது என்ன?

லெவல் கிராசிங்கில் ‘கேட் மூடியாயிற்று’ என்று கேட்மேன் போனில் சொன்னால் மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் ஏற்கக் கூடாது. கேட்மேன் தன்னிடமுள்ள அச்சிட்ட தாளிலிருந்து அடுத்த இரண்டிலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். இதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்த எண்ணை இருவரும் தத்தம் இடத்தில் குறித்துக்கொள்வார்கள். ஒருவர் பின்னால் தன் ஏட்டை மாற்றினாலும் மற்றவரின் ஏடு காட்டிக்கொடுத்துவிடும்.

பிளாக்செயினின் அடிப்படையும் இதுவே. ஒரே கணக்கு பலரிடம் பிரதியாக இருக்கிறது. கூடுதலாக ஒரு தந்திரம் உண்டு. கணக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு சூத்திரத்தில் போட்டு அதற்கென்று ஒரு விரல்ரேகை எண் எடுக்கிறார்கள். அந்த எண்ணை அடுத்த பக்கத்தின் முதல் வரியாக எழுதுகிறார்கள். பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் ரேகை மாறும். அதன்பின் வரும் எல்லாப் பக்கங்களின் ரேகையும் பொருந்தாமல் போகும். பலரும் அறிந்த சூத்திரமான ஷா-256, எவ்வளவு பெரிய கணக்குக்கும் 64 எழுத்தில் ஒரு ரேகை தரும்.

பிட்காயினுக்கு முன்பே வந்த யோசனை இது. 1991-ல் ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள் கணினி ஆவணங்களுக்குத் தேதி முத்திரை இடும் முறையாக இதை வெளியிட்டார்கள். 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் வாரந்தோறும் ஒரு ரேகை எண்ணை ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் விளம்பரமாகவே போட்டது. ஊரெங்கும் போன பத்திரிகையை யார் திருத்த முடியும்? 2009-ல் பிட்காயின் வந்த பிறகுதான் இது உலகறிந்த சங்கதி ஆயிற்று.

ஐந்து வீட்டு நோட்டு

எங்கள் குடியிருப்பில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஊட்டக் கரைசலை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்கிறோம். கணக்குக்கு நாற்பது பக்க நோட்டும் பேனாவும்தான். சங்கிலியும் அதிலேயே உண்டு. கூட்டத் தெரிந்த குழந்தையே போட்டுவிடும்.

நேற்றைய எண் 47 என்று வையுங்கள். இன்று பி.எச். 6.1, இ.சி. 1.4, ஊற்றிய தண்ணீர் 3 லிட்டர். புள்ளியை நீக்கிக் கூட்டுங்கள்: 47, 61, 14, 3, மொத்தம் 125. கடைசி இரண்டு இலக்கமான 25 இன்றைய எண். மறுநாள் 25-லிருந்து தொடங்குங்கள்: 25, 63, 13, 2, மொத்தம் 103. அன்றைய எண் 03. முதல் நாளின் 6.1-ஐ யாராவது 5.9 ஆக்கினால் 25 என்பது 23 ஆகும். மறுநாள் 03 என்பது 01 ஆகும். சங்கிலி நெடுகப் பிசகும். ஞாயிறுதோறும் ஒவ்வொரு வீடும் தன் எண்ணை மற்ற நான்கு வீட்டுக்கும் சொல்கிறது, அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். வெறும் கூட்டல் என்பதால் ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்தால் பிழை மறைந்துவிடும். ஷா-256-ல் அப்படி ஏமாற்ற முடியாது. ஆனாலும் ஐந்து வீட்டுக் கீரைக்கு இது போதும்.

பலன் கண்டோம். ஒரு வீட்டில் பாலக் தளிர் வெளுத்தது. நோட்டைப் புரட்டினால் ஒன்பது நாளாக பி.எச். ஏறிக்கொண்டே வந்திருந்தது, அவர்கள் கார்ப்பரேஷன் தண்ணீரை விட்டு ஆழ்குழாய்த் தண்ணீருக்கு மாறிய நாளும் அதுவே. தண்ணீரை மாற்றினோம், புதுத்தளிர் பச்சையாக வந்தது.

எழுதியது உண்மையா?

இன்னொரு வீட்டு நோட்டில் பதினொரு நாள் தொடர்ந்து பி.எச். 6.0. சங்கிலியில் பிசகே இல்லை. ஆனால் உயிருள்ள செடி நிற்கும் தண்ணீர் இப்படி அசையாமல் நிற்காது. மீட்டரின் முனை காய்ந்துபோய், எதில் வைத்தாலும் 6.0 காட்டிக்கொண்டிருந்தது!

பிளாக்செயின் விற்பவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் இதுதான். எழுதியதை யாரும் மாற்றாமல் சங்கிலி காக்கும். எழுதியது மெய்யா என்று அதற்குத் தெரியாது. துருப்பிடித்த தண்டவாளத்தில் தனி இஞ்சின் நின்றாலும் ட்ராக் சர்க்யூட் ‘தடம் காலி’ என்று காட்டக்கூடும். டேட்டா லாகரும் அதை வினாடி சுத்தமாகப் பதிந்து வைக்கும். தொட்டியில் மின்னணு உணரியைப் பொருத்திச் சங்கிலியோடு இணைத்தாலும் இதே கதைதான். பி.எச். 4, 7 என்ற இரண்டு நிலைக் கரைசல்களில் மீட்டரை அடிக்கடி சரிபார்க்காவிட்டால், பொய்தான் அழியாத எழுத்தில் பதிவாகும்.

எங்கே உதவும்?

ஒருவரையொருவர் அறியாத பல கைகள் மாறும் இடத்தில் இதன் பயன் பெரிது. 2018-ல் அமெரிக்காவில் யூமா பகுதியில் விளைந்த ரோமெய்ன் லெட்டூஸால் 210 பேர் நோயுற்றார்கள். 5 பேர் இறந்தார்கள். எந்தப் பண்ணையின் கீரை என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. அதற்கு முன் வால்மார்ட் நடத்திய சோதனையில், ஒரு மாம்பழப் பொட்டலம் வந்த வழியை அறிய ஏறக்குறைய 7 நாள் ஆன வேலை, சங்கிலிப் பேரேட்டில் 2.2 வினாடியில் முடிந்தது. அந்த 2018-லேயே தன் கீரை வியாபாரிகளையும் இம்முறைக்கு மாறச் சொன்னது வால்மார்ட். நம் நாட்டில் காப்பி வாரியம் 2019 மார்ச்சில் பிளாக்செயின் அடிப்படையிலான காப்பிச் சந்தையை முன்னோட்டமாகத் தொடங்கியது.

எல்லாமே வென்றுவிடவில்லை. ஐ.பி.எம்., மேர்ஸ்க் என்ற இரு மாபெரும் நிறுவனங்கள் கப்பல் சரக்குக்கென நடத்திய டிரேட்லென்ஸ் திட்டத்தை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். மற்றவர்கள் முழு மனத்தோடு சேராததே காரணம். பலர் சேராத சங்கிலி சங்கிலியே அல்ல.

இரண்டு லட்ச ரூபாய் அலமாரி

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு லட்சம் கட்டினால் 72 குழி உள்ள அலமாரி ஒன்று நண்பர் பெயரில் அவர்கள் கூடத்தில் ஓடுமாம். விளைச்சல் பிளாக்செயினில் ஏறுமாம். மாதம் 6,000 ரூபாய் ‘டோக்கன்’ வழியாக வருமாம். நண்பர் கிராஜுவிட்டிப் பணத்தை எடுக்கத் தயார். “சார், திருத்தவே முடியாத கணக்காம்!” என்றார்.

இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குழிக்கு ஒரு லெட்டூஸ், ஒன்று 150 கிராம் என்றால் 72 குழிக்கு 10.8 கிலோ, அதற்கு சுமார் 40 நாள். கிலோ 200 ரூபாய்க்கு விற்றாலும் 2,160 ரூபாய். மின்சாரம், விதை, ஆள் கூலி கழிக்காமலே இவ்வளவுதான். மாதம் 6,000 எங்கிருந்து வரும்? அடுத்து வருபவர் கட்டும் பணத்திலிருந்துதான் வர முடியும். பேரேட்டின் பிரதிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று அந்த ஆளைக் கேட்டோம். எல்லாம் அவர்கள் கம்பெனிக் கணினிகளிலேயே இருக்கிறதாம். கேட்மேனும் ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரே ஆளாக இருந்தால் பிரைவேட் நம்பருக்கு என்ன மதிப்பு?

நண்பரின் பணம் தபால் ஆபீசில் பத்திரமாக இருக்கிறது. அவர் எங்களிடமிருந்து ஒரு தொட்டி வாங்கிப்போய் ஆறாவது வீடாகச் சேர்ந்துவிட்டார்.

ஆகவே அன்பர்களே, பிளாக்செயின் என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அளப்பது யார், அந்த மீட்டரைச் சரிபார்ப்பது யார்? பிரதிகள் வேறு வேறு ஆட்களிடம் இருக்கின்றனவா? பேரேட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், விற்கும் கீரை மட்டுமே அந்த வருமானத்தைத் தருமா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் முதல் இரண்டையும் கேட்கவே வேண்டியதில்லை. 1,500 ரூபாய்க்குள் தொட்டி போட விரும்புவோருக்கு, சாமான் பட்டியலும் மாதிரி நோட்டும் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் நானும் அங்கேதான் இருப்பேன். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்.