கறை படிந்த துணியை ஒதுக்கும் முன்



பெருநாளை ஒட்டி நம் அறக்கட்டளைக்கு வரும் உடுப்புகளைப் பிரித்து அடுக்கும்போது, கிழிசல் எதுவும் இல்லாத நல்ல சட்டைகளையும் சுடிதார்களையும் ஒரே ஒரு கறைக்காகத் தனியே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. அதை அப்படியே கொடுத்தால், வாங்கிப்போகும் பிள்ளை கறையோடுதான் வகுப்பில் உட்கார வேண்டும். இது பிறர் கொடுத்த துணி என்பதை அந்தக் கறையே நாலு பேருக்குச் சொல்லிவிடும். நாம் உடுத்தக் கூசுவதைத் தர்மமாகக் கொடுப்பது அழகல்ல. இந்தக் கறைகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, பத்து இருபது ரூபாய்ப் பொருளில் போக்கிவிடலாம்.

எந்தக் கறைக்கும் பொதுவானவை மூன்று. ஒன்று, கறை காயும் முன் கவனிக்க வேண்டும். இரண்டு, தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவி நூலுக்குள் இறங்கும். மூன்று, கறை முழுவதும் போகும்வரை இஸ்திரி போடக் கூடாது. சூடு பட்டால் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும். எந்த மருந்தையும் முதலில் துணியின் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரத்தம்: பச்சைத் தண்ணீர் மட்டுமே. வெந்நீர் ஊற்றினால் முட்டை வெந்து இறுகுவதுபோல் இரத்தத்திலுள்ள புரதம் இறுகிவிடும். அரைமணி நேரம் ஊறவைத்து அலசி, பிறகு சோப்புப் போடுங்கள். வெள்ளைப் பருத்தியில் எஞ்சிய கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும்.

மஞ்சள், குழம்பு, பிரியாணி: சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தில் அப்படித்தான் மாறும். அது தண்ணீரில் எளிதில் கரையாது, ஆனால் வெயிலுக்குத் தாங்காது. எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போடுங்கள். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள்.

எண்ணெய், நெய், அத்தர்: உடனே முகப்பவுடரோ கடலைமாவோ தூவிக் கால்மணி நேரம் விட்டால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். உதறிவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பைக் கறைமேல் தடவி, துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவையுங்கள். வெள்ளை ஜிப்பாவில் விழும் எண்ணெய் அத்தர் கறைக்கும் இதே முறைதான்.

பால்பாயின்ட் பேனா மை: கறைக்கு அடியில் பழைய துணியை மடித்துவைத்து, ஸ்பிரிட்டையோ ஆல்கஹால் கலந்த சானிடைசரையோ பஞ்சில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். மை அடித்துணியில் இறங்கும். ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது, அடுப்படியில் செய்யாதீர்கள்.

துரு: எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் ஒருமணி நேரம் வைத்து நன்றாக அலசுங்கள். துருவுக்குப் பிளீச் போட்டால் கறை இன்னும் ஊன்றிவிடும்.

காலர், அக்குள் வியர்வை: ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, அரைமணி நேரம் கழித்துத் துவையுங்கள்.

தாய்மார்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. கறை போகவில்லையே என்ற ஆத்திரத்தில் இருப்பதையெல்லாம் ஒரே வாளியில் ஊற்றாதீர்கள். பிளீச்சுடன் கழிவறை கழுவும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த திரவங்களும் அப்படியே. பிளீச்சைத் தனியாக, தண்ணீர் கலந்து, கதவு திறந்த இடத்தில், வெள்ளைப் பருத்திக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பட்டையும் கம்பளியையும் அது அரித்துவிடும். இவற்றைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

இரத்தக் கறை முழுவதும் போகவில்லை, அந்த உடுப்போடு தொழலாமா என்று சகோதரிகள் சிலர் கேட்பதுண்டு. நஜீஸை நன்றாகக் கழுவிய பிறகும் நீக்க முடியாமல் தங்கிவிட்ட நிறம் தொழுகைக்குத் தடையல்ல என்பதே மார்க்கச் சட்டம். அதற்காக நல்ல உடுப்பை எறிந்துவிட வேண்டாம்.

எவ்வளவு செய்தும் போகாத கறை இருந்தால், அந்தத் துணியைத் துடைக்கவும் கரித்துணியாகவும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் துவைத்து, காயவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, மடித்துக் கொண்டுவாருங்கள். வாங்குகிறவர் பிரித்துப் பார்க்கும்போது முகம் வாடாதிருக்க வேண்டும். நம் கொடையை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்