தெருநாயின் உண்ணியும் நமது காய்ச்சலும்

தெருநாயின் காது மடலில் மிளகு போல் ஒட்டியிருக்கும் பழுப்பு உண்ணியைப் பலரும் கண்டிருப்பீர்கள். எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளை நாய்களிடையே பரப்புவது இதுவே. இரத்தம் குன்றிப் பல நாய்கள் மடிவது இவற்றால்தான். நாய்களைத் தாக்கும் இவ்விரு நோய்களைக் குறித்து மனிதர் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை.

எங்களுக்குக் கவலையளிப்பது, அதே உண்ணி சுமக்கும் ரிக்கெட்சியா என்னும் வேறொரு கிருமி. அவ்வுண்ணி நம்மைக் கடித்தால் இந்திய உண்ணி டைபஸ் உண்டாகலாம். கடுங்காய்ச்சல், தலைவலி, சில நாள்களில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும் சிவந்த தடிப்புகள். டெங்கு என்று எண்ணியே நாள்கள் கடந்துவிடுவதுண்டு. இரத்தப் பரிசோதனையில் நோய் தென்பட ஏறத்தாழ ஒரு வாரம் ஆகுமாதலால், முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குகிறோம். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியத் தொடங்கும். தாமதித்தால் சிறுநீரகம், நுரையீரல், மூளை பாதிக்கப்படலாம்.

ஆகவே காய்ச்சலுடன் வரும்போது, நாய்களுடன் பழகியதை நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே கூறுங்கள். கடித்த நினைவு இல்லாவிட்டாலும் கூறுங்கள். இளம் உண்ணி எள்ளினும் சிறியது, கடி வலிப்பதுமில்லை.

ஒட்டிய உண்ணியின் மீது மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் கூடாது. கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுத்தபின் சோப்பிட்டுக் கழுவவும். விரலால் நசுக்க வேண்டாம். அதன் உடல்நீர் கண்ணிலோ கீறலிலோ பட்டாலும் கிருமி தொற்றக்கூடும்.

நாயை விரட்டினால் மட்டும் தீராது. உண்ணிகள் சுவர் வெடிப்புகளில் முட்டையிட்டு, பல மாதங்கள் பட்டினியாகவும் காத்திருக்கும்.